இன்சிடென்ட்: இல்லை

18.11.2024

இல்லை, மண்டையில் ஏறாமல் விடவில்லை. படிப்பை ஏன் விட்டாய் என்று காலையிலிருந்து நாலு பேர் கேட்டாகிவிட்டது, ஐந்தாவது ஆள் கேட்பதற்கு முன்னால் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். சேலத்தில் அந்தக் காலேஜில் ஐந்து செமஸ்டர் உட்கார்ந்தேன். ஆறாவதில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மொபைல் கடையில் நாலு மாதம், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் பத்தொன்பது நாள். இரண்டு இடத்திலும் என் வாய்தான் என்னை வெளியே தள்ளியது.

இன்றைக்குத் திருச்செங்கோட்டில் ஜெகதீஸ்வரன் போர்வெல் ரிக் ஆபீஸில் சேர்ந்தேன். அண்ணன் முருகானந்தம் ஆப்பிரிக்காவிலிருந்து போன் போட்டு வாங்கிக் கொடுத்த வேலை. அவன் இந்த ஓனரின் ரிக் வண்டியில் டிரில்லர். அவனோடு சேர்த்து அங்கே ஐந்து பேர். தங்கம் தேடும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துளை போடுகிறார்கள். மீட்டருக்கு மீட்டர் மேலே வரும் மண்ணைப் பையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் வந்தால் மண் கெட்டுப்போச்சு என்று கத்துவார்களாம். இங்கே ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராமல் அழுகிறோம், அங்கே வந்தால் அழுகிறார்கள்.

என் வேலை இதுதான். சாயந்திரம் ஆறரைக்கு அண்ணன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான். அதைக் கேட்டு, கம்பெனி ஃபாரத்தை இங்கிலீஷில் நிரப்பி ஏழு மணிக்குள் அனுப்ப வேண்டும். எத்தனை மீட்டர், எவ்வளவு டீசல், எந்த டிரில் பிட் தேய்ந்தது. கடைசியில் ஒரு கட்டம், இன்சிடென்ட், அசம்பாவிதம் ஏதாவது நடந்ததா என்று. ஆம் அல்லது இல்லை, ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

ஐந்து செமஸ்டர் படித்தது இதற்குப் போதும் என்கிறார் ஓனர்.

20.11.2024

அண்ணன் பேசி அனுப்பினால் முதல் வார்த்தை "வண்டி ஓடுது." ஓனர் போனை எடுத்தால் முதல் வார்த்தை "வண்டி ஓடுதா?" இந்தத் தொழிலில் யாரும் யாரையும் நல்லா இருக்கியா என்று கேட்பதில்லை.

9.12.2024

திங்கட்கிழமை கம்பெனியோடு வீடியோ மீட்டிங். ஓனர் கேமரா முன்னால், நான் பக்கத்தில் நோட்டோடு. அந்தப் பக்கம் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மேடம், பேர் தெரியாத ஐந்தாறு முகம். முதலில் ஒரு மேப் போட்டார்கள். எங்கள் சைட் பச்சை. வடக்கே இரண்டு மாவட்டம் மஞ்சள். அதற்கும் மேலே சிவப்பு. சிவப்பில் ஏதோ கும்பல், துப்பாக்கி, ராணுவம். அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார்கள். மீதி முப்பத்தொன்பது நிமிடமும் லைசென்ஸ் பற்றி. மார்ச் 31க்குள் இத்தனை மீட்டர் போட்டுக் காட்டாவிட்டால் அந்த நாட்டு அரசாங்கம் லைசென்ஸைப் புதுப்பிக்காதாம்.

பச்சை, மஞ்சள் எல்லாம் எப்படி முடிவு செய்வார்கள் என்று ஓனரிடம் கேட்டேன். "நாம அனுப்பற ஃபாரத்த வெச்சுத்தான் சாமி," என்றார்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மல்லசமுத்திரத்துப் பையன் டிக் அடித்தால் எங்கேயோ ஒரு மேப்பில் கலர் மாறுகிறது.

14.1.2025

பொங்கல். வீட்டில் மூன்று பேர்தான். அம்மா, அண்ணி மஞ்சுளா, நான். அண்ணன் வீடியோவில் வந்தான். நெற்றியில் விபூதி, பின்னால் ரிக் வண்டி, வண்டிக்கும் மாலை போட்டிருந்தான், அந்த ஊரில் மாலை எங்கே பிடித்தான் என்று தெரியவில்லை. அண்ணி, "வண்டிக்குப் போட்டீங்க, பொண்டாட்டிக்கு எங்கே?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. கரும்பைக் கடித்துக்கொண்டே அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

22.1.2025

இன்று அண்ணன் அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன். "வண்டி ஓடுது. எழுவத்தி ரெண்டு மீட்டர். டீசல் ரெண்டு பேரல். வடக்கால ஒரு ஊரு நேத்து எரிஞ்சுதாமாடா. சோறாக்கற பொம்பள ஊடு அங்கதான், இன்னைக்கு வரல."

நான் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன். இரண்டு வரி எழுதினேன். கேட்கிறார்கள், நடந்திருக்கிறது, எழுதினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அரை மணி நேரத்தில் கம்பெனி பதில் வந்தது. வண்டியை நிறுத்து, யாரும் கேம்பை விட்டு வெளியே போகாதே.

25.1.2025

மூன்று நாளாக வண்டி நிற்கிறது. நிற்கும் நாளுக்கு ஓனருக்குப் பாதி வாடகை வரும். ஆட்களுக்கு ஒன்றும் வராது, அவர்களுக்குக் கணக்கு மீட்டருக்குத்தான். அண்ணனோடு இருக்கும் வெள்ளியங்கிரி என்னை அம்மாவைச் சேர்த்துத் திட்டி அனுப்பியிருக்கிறான். அண்ணன் திட்டவில்லை. "உனக்கு வாய்தான் கேடுன்னு நெனச்சேன், இப்பக் கையும் சேந்துக்கிச்சா," என்று மட்டும் அனுப்பினான். அதுதான் நெம்ப வலித்தது.

ஓனர் சத்தம் போடவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். "இந்தா பாரு சாமி. கொழாய்க்குள்ள ராடு மாட்டிக்கிச்சுன்னாக்கூட, எடுத்ததுக்கு அப்பறம்தான் எனக்கே சொல்லுவானுங்க. அதுதான் இந்தத் தொழிலு. நீ மாட்டறதுக்கு மிந்தியே ஊருக்கெல்லாம் சொல்ற."

ராடு என்றால் துளைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கும் இரும்புக் கம்பிகள். அது உள்ளே மாட்டினால் லட்சக்கணக்கில் போச்சு. அதனால் ராடு உள்ளே இருக்கும்போது டிரில்லர் வண்டியை விட்டு இறங்க மாட்டான். மழை பெய்தாலும் சரி, செத்தாலும் சரி என்பார் ஓனர், பெருமையாக.

26.1.2025

வண்டி ஓடுது. இன்சிடென்ட்: இல்லை.

11.2.2025

அண்ணன்: "ராத்திரி சத்தம் கேட்டுச்சு. வெடிதான், நாய்க எல்லாம் கேம்புக்குள்ள வந்துருச்சு. எழுதாத, வண்டிய நிறுத்திப்புடுவாங்க."

இல்லை.

16.2.2025

மண் ஏற்ற வரும் லாரிக்காரன் வரவில்லை. வேறு ஆள் வந்தான். இல்லை.

19.2.2025

ரோட்டில் புதிதாக ஒரு செக்போஸ்ட். சீருடை இருக்கிறது, ஆனால் காலில் ரப்பர் செருப்பு. ராணுவமா இல்லையா என்று தெரியவில்லை என்கிறான்.

இல்லை.

ஏன்டா இதையெல்லாம் இங்க எழுதற? அங்க எழுத வேண்டியத இங்க எழுதுனா யாரு படிக்கப் போறா?

28.2.2025

இன்றைக்கு அண்ணன் குரலில் ஒரே குஷி. சைட் சூப்பர்வைசர் வெள்ளைக்காரன் லீவில் போகிறானாம். போகும்போது தன்னுடைய கரண்ட் கெட்டிலை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனானாம். நல்ல கெட்டில், ஸ்டீல், இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கிறதாம். "நானு என்ன பண்ணுனேன்னு குடுத்தான்னு தெரியல, மனுசனுக்கு நம்ம மேல ஒரு இது," என்றான். அண்ணிக்கும் அனுப்பியிருக்கிறான். "ஊட்டுக்கு வரும்போது கொண்டுக்கிட்டு வரச் சொல்லு, சுடுதண்ணி வெச்சே கேஸு தீந்துபோகுது," என்கிறாள்.

எண்பத்தோரு மீட்டர். இல்லை.

3.3.2025

அந்த வெள்ளைக்காரன் போனது லீவு இல்லை. லீவே இல்லை.

மீட்டிங்கில் மேடம் ஒரே வாக்கியத்தில் சொன்னாள், தண்ணீர் குடித்துக்கொண்டே. வெள்ளிக்கிழமையோடு கம்பெனியின் சொந்த ஆட்கள் பதினோரு பேரையும் விமானத்தில் வெளியே எடுத்துவிட்டார்களாம். இன்ஷூரன்ஸ்காரன் கட்டாயப்படுத்தினானாம். கான்ட்ராக்டர் ஆட்கள் அந்த இன்ஷூரன்ஸில் இல்லை. அதனால் இருப்பதா கிளம்புவதா என்பது கான்ட்ராக்டரின் முடிவு. மேப்பில் எங்கள் சைட் இன்னும் பச்சை. ஏன் பச்சை என்று யாரோ கேட்டார். ஒரு பையன், என் வயதுதான் இருக்கும், பேப்பரைப் பார்த்துச் சொன்னான். தினசரி அறிக்கையில் ஜனவரி 26 முதல் எந்தச் சம்பவமும் இல்லை.

அப்புறம் மேடம் ஓனரைப் பார்த்துக் கேட்டாள். இன்னும் இரண்டாயிரம் மீட்டர் பாக்கி. தொடர்வதில் உங்களுக்குச் சம்மதமா, வசதியாக இருக்கிறீர்களா?

ஓனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெரி கம்ஃபர்டபிள், மேடம்."

என் பாக்கெட்டில் போன் இருந்தது. அதில் அண்ணன் குரல் அத்தனையும் இருந்தது. நாய்கள், செக்போஸ்ட், லாரிக்காரன், எல்லாம். மைக்கை ஆன் செய்யும் பட்டன் என் விரலுக்கு அரை அடி தூரம்.

நான் நோட்டில் எழுதினேன்: பாக்கி இரண்டாயிரம் மீட்டர்.

வாயாடி என்று பேர் வாங்கிய நாய். இன்னைக்குப் பாத்து வாய மூடிக்கிச்சு.

மீட்டிங் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். கெட்டில் கொடுத்தவன் திரும்பி வரமாட்டான், நீங்களும் கிளம்புங்கள் என்றேன். சிரித்தான். இன்னும் இருபத்தைந்து நாள், முடித்ததும் ஐந்து பேருக்கும் டிக்கெட் போடுவதாக ஓனர் சொல்லியிருக்கிறார், முடித்துவிட்டே வருகிறோம் என்றான். பாதியில் கிளம்பினால் டிக்கெட் யார் போடுவார், வண்டியை யாரிடம் விடுவது?

"நீ மட்டும் பயந்துக்கிட்டு எதையாச்சும் எழுதி வெச்சுராத. மறுக்கா மூணு நாளு நின்னா ஏப்ரலுக்குப் போயிரும், சாமி."

எப்போதாவதுதான் என்னைச் சாமி என்பான்.

10.3.2025

எண்பத்தாறு மீட்டர். மேப் பச்சை. இல்லை.

11.3.2025

தொண்ணூற்றிரண்டு மீட்டர். இந்த டிரிப்பிலேயே அதிகம் என்றான். சோறாக்க ஆளில்லை, கெட்டிலிலேயே முட்டை வேக வைத்துச் சாப்பிடுகிறார்களாம். இல்லை.

12.3.2025

ஆறரை. ஏழு. ஏழேகால்.

ஒரே டிக்தான் வாட்ஸ்அப்பில். கரண்ட் இருக்காது. டவர் இருக்காது. ஓனர் இரண்டு தடவை கேட்டார், வண்டி ஓடுதா என்று.

13.3.2025

தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை. அண்ணியிடம் டவர் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. கேட்கவும் இல்லை.

14.3.2025

வெள்ளியங்கிரி கூப்பிட்டான், வேறு யாருடைய நம்பரிலிருந்தோ. ஓனரைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டான்.

துளைக்குள் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்ததாம். அது ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. அந்தக் கும்பல் பைக்குகளில் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தூசியைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. நாலு பேரும் காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். வெள்ளியங்கிரி அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். உள்ளே நூற்றிருபது மீட்டர் ராடு இருந்தது.

"ராடு உள்ள இருக்குது, ஏத்திப்போட்டு வாரேன், நீங்க போங்கன்னான்டா. கம்ப்ரஸர அமத்திப்போட்டான். ரெண்டு ராடு ஏத்துன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மூணாவது கேக்கல."

அண்ணா.

அண்ணியிடம் நான்தான் சொன்னேன். அம்மாவிடம் அண்ணி சொன்னாள்.

23.3.2025

கோயம்புத்தூர் ஏர்போர்ட். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று காகிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆம்புலன்ஸில் நானும் அம்மாவும். பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சங்ககிரி தாண்டியதும் அம்மா அதைப் படிக்கச் சொன்னாள். பேர், ஊர், பாஸ்போர்ட் நம்பர், எடை என்று படித்தேன்.

"எத்தன கிலோ போட்டிருக்குது?"

சொன்னேன்.

"பொட்டியோட சேத்தியா?"

சீட்டில் அது போட்டிருக்கவில்லை. அம்மா மறுபடியும் கேட்டாள்.

28.3.2025

ஆபீஸுக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. மெயில் திறப்பது என் வேலைதானே, திறந்தேன். கம்பெனி கடிதம். ஆழ்ந்த வருத்தம் என்று முதல் பாராவில் இருக்கிறது. மூன்றாவது பாராவில், உங்கள் நிறுவனத்தின் சொந்த அறிக்கைகளின்படி சம்பவத்துக்கு முந்தைய நாற்பத்தைந்து நாட்களில் பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் பதிவாகவில்லை, எனவே தொடர்வது என்ற முடிவு அன்று கிடைத்த தகவலின்படி நியாயமானதே.

நாற்பத்தைந்து. நானே எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

பொய் ஒன்றும் இல்லை அந்தக் கடிதத்தில். அதுதான்.

17.4.2025

அண்ணி என் போனைக் கேட்டாள். அவர் குரல் எல்லாம் இருக்குமே, போட்டுக் காட்டு என்றாள். அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து கேட்டோம். பெட்டியோடு வந்த பையிலிருந்த கெட்டில் மேலே அலமாரியில் இருக்கிறது, அதில் இன்னும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

மீட்டர் கணக்கைக்கூட விடாமல் கேட்டாள். எழுபத்தைந்து மீட்டருக்குச் சிரித்தாள், அவன் எழுவத்தஞ்சு என்று இழுக்கும் இழுப்புக்கு. அப்புறம் பிப்ரவரி 11 வந்தது. "எழுதாத, வண்டிய நிறுத்திப்புடுவாங்க."

போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். இன்னொரு தடவை போட்டாள்.

"எழுதியிருந்தா நிறுத்தியிருப்பாங்களா?"

"ஜனவரியில நிறுத்துனாங்க அண்ணி."

"நீ எழுதல."

"இல்லை."

அவ்வளவுதான். எழுந்து எனக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள், எப்போதும் போல. ஆனால் தம்பி என்று கூப்பிடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

16.6.2025

திங்கட்கிழமை மீட்டிங். இரண்டே நிமிடத்தில் ஒரு விஷயம் சொன்னார்கள். லைசென்ஸ் நீட்டிப்பு கிடைத்துவிட்டது. பாதுகாப்பு நிலவரத்தைக் காரணம் காட்டி ஒரு வருடம் கேட்டார்களாம். அந்த அரசாங்கம் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டதாம்.

கேட்டார்கள், கொடுத்தார்கள்.

பிப்ரவரியில கேட்டிருந்தாலும் குடுத்திருப்பானா? கேட்டுப் பாத்தாங்களா? ஒரு லெட்டரு. ஒரே ஒரு லெட்டரு போட்டிருந்தா அண்ணன் ராட அப்படியே உட்டுப்போட்டு வந்திருப்பானே. இல்ல, வந்திருக்க மாட்டானா? யார்கிட்டப் போயிக் கேக்கறது?

ராணுவம் முகாம் போட்டுவிட்டதாம். சைட் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்திருக்கிறது. ஆகஸ்டில் ஆட்கள் வேண்டும். ஓனர் என் பக்கம் திரும்பாமலே சரி என்றார்.

17.6.2025

வேலையை விட்டுவிடலாம் என்று காலையில் கிளம்பினேன். விடுவது எனக்குப் புதிதா? பஸ்ஸில் யோசித்தேன். நான் விட்டால் அந்த நாற்காலிக்கு இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் ஓனர் ராடு கதை சொல்வார். அவன் நல்ல பையனாக இருப்பான், கேட்டுக்கொள்வான்.

போய் உட்கார்ந்தேன்.

4.8.2025

புது செட் இன்று கிளம்பியது. ஐந்து பேர். டிரில்லர் அன்பு, வையப்பமலைக்காரன், அண்ணனோடு முதல் டிரிப் போனவன். வெள்ளியங்கிரி போகவில்லை, இப்போது முட்டை லாரி ஓட்டுகிறான். ஆபீஸ் வாசலில் வேனுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் அன்புவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்தது முழுவதும் சொன்னேன், நாற்பத்தைந்தையும் சொன்னேன். இனி நீங்கள் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுவேன் என்றேன். ராடு போனால் போகட்டும், ஓடு என்றேன்.

கேட்டுக்கொண்டான். தோளைத் தட்டினான்.

"நாங்க சொன்னாத்தான நீ எழுதுவ?" என்று சிரித்துவிட்டு வேனில் ஏறினான்.

9.9.2025

வண்டி ஓடுது. எழுபது மீட்டர். ஒன்றும் இல்லை என்கிறான். தினமும் ஒன்றும் இல்லை என்கிறான். அண்ணனாவது எனக்குச் சொன்னான்.

18.9.2025

ஆறு நாற்பதுக்கு அன்பு பேசி அனுப்பினான். இருபத்தாறு வினாடி. வண்டி ஓடுது, அறுபத்தெட்டு மீட்டர், டீசல் இரண்டு பேரல், வேறு ஒண்ணும் இல்லை. முடிக்கும்போது பின்னால் ஏதோ கேட்டது. மறுபடி போட்டேன். ஹெட்செட் மாட்டிப் போட்டேன். கம்ப்ரஸர் ஓடவில்லை. வண்டி ஓடுது என்கிறான், பின்னால் கம்ப்ரஸர் சத்தமே இல்லை. இருபத்திரண்டாவது வினாடியில், தூரத்தில், மூன்று தடவை.

திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டேன். பக்கத்து ஊரில் கல்யாணமாம், வேட்டுச் சத்தமாம். இருக்கலாம். நிஜமாகவே இருக்கலாம்.

'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன். கேட்டதைக் கேட்டபடி எழுதினேன், குரலையும் சேர்த்து அனுப்பினேன், ஓனருக்கு மட்டும் இல்லை, மேடத்துக்கும், அந்தப் பேப்பர் பார்க்கும் பையனுக்கும், இன்ஷூரன்ஸ்காரனுக்கும். மெயில் ஐடி எல்லாம் என்னிடம்தானே இருக்கிறது.

ஏழு இருபதுக்கு வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஏழரைக்கு அன்பு கூப்பிட்டு, கல்யாண வேட்டுக்கு ஐந்து பேர் சோற்றில் மண்ணைப் போட்டாயே, நீ விளங்குவாயா என்று கேட்டான். பேசட்டும் என்று காதிலேயே வைத்திருந்தேன். நல்ல சத்தமாகத் திட்டினான். மூச்சு விடாமல் திட்டினான். கடைசி வரை கேட்டேன்.

அண்ணிக்கு மெசேஜ் போட்டேன், இன்னைக்கு எழுதிட்டேன் என்று. இரண்டு நீல டிக். பதில் இல்லை. இப்போது பார்த்தால் டைப் செய்கிறாள் என்று காட்டுகிறது, நிற்கிறது, மறுபடி காட்டுகிறது—

வாசலில் ஓனர் கார் வந்து நின்றுவிட்டது. கதவைச் சாத்திய சாத்தலிலேயே தெரிகிறது. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். போகணும்.